நிச்சயமின்மையா, அறுதியின்மையா?

ஒரு துகளின் இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாகக் கிடைப்பதில்லை என்று இயற்பியலாளர் ஹைசன்பர்க் 1927இல் கண்ட விதிக்குத் தமிழில் ஒரே பெயர் நிலைக்கவில்லை. நிச்சயமின்மைக் கொள்கை என்கிறார்கள், ஐயப்பாட்டுக் கொள்கை என்கிறார்கள், அறுதியின்மைக் கொள்கை என்றும் எழுதுகிறார்கள். கலைச்சொல் தடுமாற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இந்தப் பெயர்கள் இரண்டு வேறு கருத்துகளைச் சொல்கின்றன.

மூடிய பெட்டிக்குள் ஒரு பந்து இருக்கிறது. அது சிவப்பா நீலமா என்று நமக்குத் தெரியாது. பந்துக்கு ஒரு நிறம் இருக்கத்தான் செய்கிறது, தெரியாதது நமக்கு மட்டும். இது நிச்சயமின்மை, ஐயம். இனி, சரியாக வட துருவப் புள்ளியில் நிற்கும் ஒருவரிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாது. அவருக்குப் புவியியல் தெரியாததால் அல்ல, அந்தப் புள்ளியில் கிழக்கு என்று ஒரு திசையே இல்லாததால். எந்தப் பக்கம் அடி வைத்தாலும் அது தெற்குதான். இது அறுதியின்மை: விடை மறைந்திருக்கவில்லை, விடையே இல்லை.

ஓர் எலக்ட்ரானின் இடமும் உந்தமும் ஒருசேரத் துல்லியமாகக் கிடைப்பதில்லை என்றால், அது பந்து வகையா, துருவ வகையா? இந்தக் கட்டுரையின் கேள்வி இதுதான். ஹைசன்பர்க்கே தன் கட்டுரையில் ஒரு சொல்லில் நிற்காமல், துல்லியமின்மை என்று பொருள்படும் சொல்லையும் அறுதியின்மை என்று பொருள்படும் சொல்லையும் மாற்றி மாற்றிக் கையாண்டார். அவருடைய சமனின்மையை (ஓர் அளவு இன்ன எண்ணுக்குக் கீழே போகாது என்று சொல்லும் கணித விதியை) மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்கவும் முடியாது. தீர்ப்பதற்கான கணக்கு 37 ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. பல அறிமுகக் கட்டுரைகள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. படிப்பவர் குழம்புவதும் அங்கேதான்.

விதி சொல்வது என்ன

இடத்தில் உள்ள பரவலையும் உந்தத்தில் உள்ள பரவலையும் பெருக்கினால், பெருக்குத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போகாது. அந்த எண், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்தால் வருவது: 5.3 × 10⁻³⁵ ஜூல்-விநாடி. உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கியது, திசையோடு சேர்த்து.

இங்கே 'பரவல்' என்ற சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 20,000 எலக்ட்ரான்களை ஒரே கருவியில், ஒரே முறையில், ஒன்றன்பின் ஒன்றாகத் தயார் செய்கிறோம் என்று வையுங்கள். முதல் 10,000 எலக்ட்ரான்களில் இடத்தை மட்டும் அளக்கிறோம். விடைகள் ஒரே எண்ணாக வராது, சிதறி வரும். அந்தச் சிதறலின் திட்ட விலக்கம்தான் (விடைகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதன் அளவு) இடப் பரவல். அடுத்த 10,000 எலக்ட்ரான்களில் உந்தத்தை மட்டும் அளக்கிறோம். அதன் திட்ட விலக்கம் உந்தப் பரவல். விதி இந்த இரண்டு எண்களைப் பற்றியது. எந்த ஓர் எலக்ட்ரானிலும் இரண்டையும் நாம் அளக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, 'இடத்தை அளக்கப் போனால் ஒளி மோதி எலக்ட்ரானின் வேகம் கலைந்துவிடுகிறது, அதனால்தான் நிச்சயமின்மை' என்ற பிரபலமான விளக்கம் இந்த விதியின் விளக்கம் ஆகாது. காமா கதிர் நுண்ணோக்கியைக் கற்பனை செய்து ஹைசன்பர்க் சொன்ன வாதம் அது. அந்த வாதத்தில் இருந்த ஓட்டையை நீல்ஸ் போர் அப்போதே சுட்டிக்காட்டினார். பரவல்களைப் பற்றிய மேற்கண்ட கறாரான வடிவத்தை இயற்பியலாளர் கென்னார்டு அதே 1927இல் நிறுவினார். அளவீட்டால் வரும் கலைவு உண்மையானதுதான், ஆனால் அது தனிக் கதை. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர் ஒசாவா அதற்கு வேறொரு சமனின்மையைத் தந்தார். 2012இல் வியன்னாவில் நியூட்ரான்களை வைத்துச் சோதித்தபோது, அளவீட்டுப் பிழையையும் கலைவையும் பெருக்கினால் பழைய எல்லைக்குக் கீழே போக முடிவதும் ஒசாவாவின் சமனின்மை நிற்பதும் தெரிந்தன. 'பிழை' என்பதை எப்படி வரையறுப்பது என்ற விவாதம் அந்தத் துறையில் இன்றும் நடக்கிறது. கென்னார்டின் விதியில் அப்படி விவாதம் எதுவும் இல்லை.

அன்றாட வாழ்வில் இது ஏன் கண்ணில் படுவதில்லை? ஒரு மில்லிகிராம் மணல் துகளை எடுத்து, அதன் இடப் பரவலை ஒரு மைக்ரோமீட்டருக்குள் அடக்குங்கள். விதி கேட்கும் குறைந்தபட்ச வேகப் பரவல் விநாடிக்கு 5.3 × 10⁻²³ மீட்டர். பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் முழுதும் அந்த வேகத்தில் நகர்ந்தாலும் அது கடக்கும் தூரம் 0.02 மில்லிமீட்டர்தான். அதே கணக்கை எலக்ட்ரானுக்குப் போடுங்கள். நிறை 9.1 × 10⁻³¹ கிலோகிராம். ஓர் அணுவின் அளவான 10⁻¹⁰ மீட்டருக்குள் அதை அடைத்தால், வேகப் பரவல் விநாடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர்! விதி ஒன்றுதான். நிறை குறையக் குறைய அதன் பிடி இறுகுகிறது.

எங்கிருந்து வருகிறது இது

அலையிலிருந்து. ஒரு நீண்ட ஸ்வரத்தைப் பாடினால் அதன் சுருதி தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த ஒலி எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்று கேட்டால் ஒரு கணத்தைக் காட்ட முடியாது, அது நீண்டு பரந்திருக்கிறது. ஒரே ஒரு கைதட்டலுக்குக் கணம் தெளிவாக உண்டு, சுருதி இல்லை. குறுகிய ஒலியை உண்டாக்கப் பல அதிர்வெண்களைக் கலந்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. கைதட்டலின் சுருதி எங்கோ ஒளிந்திருப்பதாக யாரும் தேடுவதில்லை.

குவாண்டம் இயற்பியலில் உந்தம் என்பது அலைநீளத்தோடு கட்டுண்டது. பிளாங்க் மாறிலியை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம். ஓர் இடத்தில் குவிந்த அலை வேண்டுமென்றால் பல அலைநீளங்களைக் கூட்ட வேண்டும், அதாவது பல உந்தங்களை. ஒரே உந்தம் வேண்டுமென்றால் அலை எங்கும் பரந்திருக்க வேண்டும். ஹைசன்பர்க்கின் விதி கணித அளவில் இவ்வளவுதான்.

இதைக் கண்ணால் பார்த்துவிடலாம். 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் சுட்டி ஒன்று, இரண்டு சவர பிளேடுகள், ஒட்டுநாடா, சாதாரண அச்சுத்தாள் போதும். 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சுட்டியாகப் பாருங்கள். ஒரு சிறு அட்டையில் ஓட்டை வெட்டி, அதன்மேல் இரண்டு பிளேடுகளின் கூர்விளிம்புகளும் எதிரெதிரே வரும்படி வையுங்கள். இடையில் தாளைச் செங்குத்தாகச் செருகி, பிளேடுகளை அதன்மேல் மெல்ல நெருக்கி ஒட்டிவிட்டுத் தாளை உருவுங்கள். அச்சுத்தாளின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், அதுவே பிளவின் அகலம். அட்டையைப் பிளவு செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தி, லேசரை ஏதாவதொன்றில் பொருத்தி (கையில் பிடித்தால் ஆடும்) பிளவுக்குள் செலுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 0.1 மில்லிமீட்டர் கோடு விழாது. கிடைமட்டமாக ஏறக்குறைய 2.6 சென்டிமீட்டர் அகல ஒளிப்பட்டையும் அதன் இருபுறமும் மங்கிய பட்டைகளும் விழும். பிளவை 0.05 மில்லிமீட்டராகக் குறுக்கினால் நடுப்பட்டை 5.2 சென்டிமீட்டராக விரியும். பக்கவாட்டில் ஒளியை எவ்வளவு நெருக்குகிறோமோ, பக்கவாட்டில் அது அவ்வளவு சிதறுகிறது.

பட்டை ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தால் பிளேடுகள் இணையாக இல்லை. பட்டையே தெரியாமல் வெறும் புள்ளி விழுந்தால் பிளவு மிக அகலம். ஒரு மில்லிமீட்டர் பிளவு தரும் விரிவு 2.6 மில்லிமீட்டர்தான், அது லேசர் புள்ளிக்குள்ளேயே மறைந்துவிடும். பிளேடின் பளபளப்பு ஒளியைத் திருப்பி அடிக்கும் என்பதால் முன்பக்கத்தைக் கறுப்பு மார்க்கரால் பூசிவிட்டு, கண் மட்டத்துக்குக் கீழே வைத்துச் செய்யுங்கள்.

இதில் குவாண்டம் எங்கே, இது வெறும் அலைதானே என்று நீங்கள் கேட்டால் அது சரியான கேள்வி. ஒளியை அலையென்று கொண்ட 19ஆம் நூற்றாண்டு இயற்பியலே இந்தப் பட்டைகளை முழுதாக விளக்கிவிடும். விளக்க முடியாதது, ஒளியை ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளித்துகளாக) குறைக்கும்போது நடப்பது. அப்போது சுவரில் மங்கலான பட்டை விழாது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு புள்ளி விழும். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் பட்டை உருவாகும். 1989இல் தோனோமுரா குழுவினர் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, புள்ளிகள் தாறுமாறாகத் தொடங்கிக் கோடுகளாகத் திரள்வதைப் படமாக்கினார்கள். பயணத்தில் அலை, வந்து சேர்கையில் புள்ளி. கைதட்டல் உவமை இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஒலியலை ஒருபோதும் முழுதாக ஒரே புள்ளியில் வந்து விழாது.

அணு நிற்பது இதனால்தான்

நிச்சயமின்மை என்றதும் ஏதோ குறைபாடு, தடை என்று தோன்றுகிறது. உண்மையில் பொருள் என்று ஒன்று நிலைத்திருப்பதற்கே இது தேவை. பழைய இயற்பியலின்படி அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்துகொண்டே 10⁻¹¹ விநாடி அளவில் கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். ஏன் விழவில்லை?

ஹைட்ரஜனை எடுத்துக்கொள்வோம். எலக்ட்ரான் பரந்திருக்கும் ஆரம் 0.53 × 10⁻¹⁰ மீட்டர். அந்த அளவுக்குள் அடைபட்டதால் அதற்குக் கிடைக்கும் இயக்க ஆற்றல் சுமார் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). கருவின் ஈர்ப்பால் நிலை ஆற்றல் −27.2. மொத்தம் −13.6. இப்போது ஆரத்தைப் பாதியாக்குங்கள். ஈர்ப்பு இரட்டித்து −54.4 ஆகிறது. ஆனால் இடம் பாதியானதால் உந்தப் பரவல் இரட்டிக்கிறது, இயக்க ஆற்றல் நான்கு மடங்காகி 54.4 ஆகிறது. மொத்தம் சுழியம். அதாவது உள்ளே தள்ள 13.6 எலக்ட்ரான் வோல்ட் செலவழிக்க வேண்டும். ஆரத்தை இரட்டித்துப் பாருங்கள்: இயக்கம் 3.4, ஈர்ப்பு −13.6, மொத்தம் −10.2. அதுவும் மேட்டில்தான் இருக்கிறது. பள்ளம் நடுவில், 0.53இல். எலக்ட்ரான் அங்கே போய் அமர்கிறது. இது தோராய மதிப்பீடுதான், உந்தப் பரவலுக்கு ஏற்ற மதிப்பைத் தேர்ந்ததால் எண்கள் இவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன. முழுக் கணக்கு, குவாண்டம் அலை எப்படி மாறுகிறது என்று சொல்லும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் இருக்கிறது. ஆனால் காரணம் இதுவே.

இதே காரணத்தால் திரவ ஹீலியம் சாதாரண வளி அழுத்தத்தில், தனிச்சுழி வெப்பநிலையை எவ்வளவு நெருங்கினாலும் உறைவதில்லை. அணுக்களை ஓரிடத்தில் நிறுத்தப் போனால் அவை ஆட்டத்தோடு நிற்கின்றன, ஹீலியத்தின் வலுவற்ற பிணைப்பால் அந்த ஆட்டத்தை அடக்க முடிவதில்லை. திண்மமாக்க சுமார் 25 வளிமண்டல அழுத்தம் வேண்டும். வெறும் நம் அறியாமை ஒரு திரவத்தை உறையாமல் வைத்திருக்குமா? அறுதியின்மை என்ற பெயரின் பக்கம் சாய இது முதல் தூண்டல். ஆனால் நிறுவல் அல்ல, தூண்டல் மட்டுமே.

மூன்று போலராய்டு தகடுகள்

இடமும் உந்தமும் மட்டுமே இப்படி ஒத்துப்போகாத ஜோடி என்பதில்லை. ஒரு ஃபோட்டானின் முனைவாக்கத்தை (ஒளியலை அதிரும் திசையை) வெவ்வேறு கோணங்களில் கேட்பதும் அப்படிப்பட்டதே. இதில் விடை இரண்டே இரண்டு, கடந்தது அல்லது தடைபட்டது. தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு இதுவே நல்ல களம்.

ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலராய்டு தகட்டை நிமிர்த்திப் பிடித்து, இரண்டாவதை அதற்கு 90 டிகிரி திருப்பிப் பின்னால் வையுங்கள். ஒளி வராது. இப்போது மூன்றாவது தகட்டை இரண்டுக்கும் நடுவே 45 டிகிரியில் செருகுங்கள். ஒளி வருகிறது! தடுப்பதற்கென்றே இருக்கும் தகட்டைக் கூடுதலாக வைத்ததும் வெளிச்சம் கூடுகிறது. முதல் தகட்டைக் கடந்த ஒளியில் நான்கில் ஒரு பங்கு இறுதிவரை வர வேண்டும். நிஜத் தகடுகள் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அதே தகட்டை நடுவில் அல்லாமல் முன்னாலோ பின்னாலோ வைத்தால் மறுபடி இருட்டு. இந்தச் சோதனை பெரும்பாலும் தோற்பது ஒரே காரணத்தால்: முப்பரிமாணப் படக் கண்ணாடிகள் பலவும், கேமரா வடிப்பான்கள் பலவும் வட்ட முனைவாக்க வகை. அவற்றில் கூடுதலாக ஒரு படலம் இருப்பதால், எந்தப் பக்கம் முன்னால் இருக்கிறது என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும். நேர்கோட்டு முனைவாக்கத் தகடுகளாகப் பார்த்து எடுங்கள்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? '0 டிகிரியில் கடப்பவன்' என்று தேர்வாகி வந்த ஃபோட்டான், 45 டிகிரிக் கேள்விக்கு விடை சொன்னதும் பழைய தகுதியை இழந்துவிடுகிறது. இரண்டு தகுதிகளையும் அது ஒருசேர வைத்திருப்பதில்லை என்று சொல்ல நாக்கு துடிக்கும். ஆனால் பொறுக்க வேண்டும். பிடிவாதமான ஒருவர் இப்படி மறுக்கலாம்: 'ஃபோட்டானிடம் எல்லா விடைகளும் இருந்தன, நடுத்தகடு அதை இடித்து மாற்றிவிட்டது.' இதுவரை சொன்ன எதுவும் அவரை மறுக்காது. 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் எடுத்த நிலைப்பாடும் அந்தத் திசையில்தான் இருந்தது: குவாண்டம் கோட்பாடு தவறல்ல, முழுமையற்றது. அது விட்டுவைத்த விவரங்கள் பொருளில் இருக்கின்றன.

அந்த வாதம் மிக வலுவானது, ஐன்ஸ்டைன் வயதான காலத்தில் புதுமையை ஏற்க மறுத்தார் என்று எழுதுவது நியாயமல்ல. இடிக்காமலே கேட்க ஒரு வழி இருக்கிறது என்பதை அந்த மூவர்தான் காட்டினார்கள். பின்னிப்பிணைந்த (விடைகள் ஒன்றோடொன்று கட்டுண்ட) இரண்டு துகள்களை எடுத்துக்கொண்டு, ஒன்றிடம் கேட்டால் மற்றதன் விடை தெரிந்துவிடுகிறது, அதைத் தொடவே இல்லை. தொடாமலே தெரிந்ததென்றால், விடை முன்பே அதனிடம் இருந்திருக்க வேண்டுமல்லவா?

விடைத்தாள் கணக்கு

இயற்பியலாளர் ஜான் பெல் 1964இல் இந்த 'வேண்டுமல்லவா' என்பதைச் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாற்றினார். அவர் கண்டதன் ஓர் எளிய வடிவம் இது. கூட்டல் தெரிந்தால் போதும்.

ஒரு மூலத்திலிருந்து ஃபோட்டான்கள் ஜோடி ஜோடியாகப் பிறந்து, ஒன்று இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போகின்றன. இரு பக்கமும் ஒவ்வொரு போலராய்டு. ஒவ்வொன்றையும் 0, 60, 120 டிகிரி என்ற மூன்று கோணங்களில் ஒன்றில் வைக்கலாம். எந்தக் கோணம் என்பதை ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போது தற்செயலாகத் தேர்கிறோம். இரு பக்கமும் ஒரே கோணமாக அமைந்தால், இரண்டும் கடக்கும் அல்லது இரண்டும் தடைபடும், விலக்கே இல்லை.

புறப்படும்போதே இரண்டும் ஒரே மாதிரியான விடைத்தாளை வைத்திருக்கின்றன என்பதுதான் இதற்கு இயல்பான விளக்கம். தாளில் மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 'கட' அல்லது 'நில்'. உதாரணமாக: 0க்குக் கட, 60க்குக் கட, 120க்கு நில். இப்போது கவனியுங்கள். கேள்விகள் மூன்று, விடைவகை இரண்டு. எப்படி எழுதினாலும் ஏதேனும் இரண்டு கேள்விக்கு ஒரே விடை வந்தே தீரும். மூன்று கோணங்களிலிருந்து மூன்று ஜோடிகள் எடுக்கலாம், 0–60, 60–120, 0–120. அவற்றில் குறைந்தது ஒன்றாவது ஒத்துப்போகும். எனவே இரு பக்கமும் வெவ்வேறு கோணங்கள் அமைந்த முறைகளை மட்டும் எடுத்து எண்ணினால், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு முறைகளில் இரு பக்க விடையும் ஒத்திருக்க வேண்டும். விடைத்தாளை யார் எழுதினாலும், எவ்வளவு தந்திரமாக எழுதினாலும், 33.3 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க முடியாது.

குவாண்டம் கோட்பாடு சொல்வது என்ன? ஒத்துப்போகும் நிகழ்தகவு, கோண வேறுபாட்டின் கோசைனின் வர்க்கம். 60 டிகிரிக்குக் கோசைன் அரை, அதன் வர்க்கம் கால். 120 டிகிரிக்கும் அதே கால். அதாவது 25 விழுக்காடு.

33.3ஆ, 25ஆ? தத்துவக் கேள்வியாக இருந்தது எண்ணிப் பார்க்கும் கேள்வியாகிவிட்டது. நிஜக் கருவிகளில் ஒரே கோணத்தில் நூற்றுக்கு நூறு ஒப்புமை கிடைக்காது. ஃபோட்டான்கள் வழியில் தொலையும், உணரிகள் சிலவற்றைத் தவறவிடும். எனவே ஆய்வகங்களில் 1969இல் வகுத்த இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் விடைத்தாள் எதுவாயினும் ஒரு குறிப்பிட்ட கூட்டுத்தொகை 2ஐத் தாண்டாது, குவாண்டம் கோட்பாட்டில் 2.83 வரை போகலாம். 1972இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982இல் அலன் அஸ்பே குழுவினரும் செய்த சோதனைகள் குவாண்டம் பக்கமே வந்தன. ஆனாலும் ஓட்டைகள் எஞ்சியிருந்தன. தவறவிட்ட ஃபோட்டான்கள் கணக்கைத் திரித்திருக்கலாம், இரு பக்கக் கருவிகளும் ஒளியின் வேகத்துக்குள் 'பேசி'க்கொண்டிருக்கலாம். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரப் படிகங்களில் இருந்த எலக்ட்ரான்களைப் பிணைத்து, இந்த இரண்டு ஓட்டைகளையும் ஒருசேர அடைத்துச் செய்தார்கள். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் சுமார் 4.3 மைக்ரோவிநாடிக்குள் இரு பக்க அளவீடும் முடிந்துவிட்டது. கிடைத்த எண் 2.42. அதே ஆண்டு வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டரிலும் ஃபோட்டான்களைக் கொண்டு செய்தவையும் இதையே உறுதிசெய்தன. அஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இன் இயற்பியல் நோபல் பரிசு இந்த வழிச் சோதனைகளுக்காகத்தான்.

விடைத்தாள் இல்லை. அல்லது, இருந்தால் அது நாம் நினைத்த எளிய விடைத்தாள் இல்லை.

அப்படியென்றால் எதார்த்தம் எப்படிப்பட்டது

அந்த 'அல்லது' முக்கியமானது. பெல்லின் கணக்கு சில அனுமானங்களின்மேல் நிற்கிறது. விடைகள் முன்பே இருக்கின்றன அல்லது அருகிலுள்ள காரணங்களால் மட்டும் தீர்மானமாகின்றன. ஒரு பக்கம் செய்வது மறுபக்கத்தை ஒளியைவிட விரைவாகப் பாதிக்காது. எந்தக் கோணத்தைத் தேர்கிறோம் என்பது ஃபோட்டான்களோடு முன்கூட்டியே ஒப்பந்தமாகவில்லை. ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரே விடைதான் நிகழ்கிறது. சோதனைகள் இவற்றில் ஏதோ ஒன்றைக் கைவிடச் சொல்கின்றன. எதை என்று சொல்வதில்லை. கோட்பாட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லும் விளக்கங்கள், அதாவது பொருள்கோள்கள், பிரிவது இந்த இடத்தில்.

போர், ஹைசன்பர்க் ஆகியோரின் கோபன்ஹேகன் வழியில் போவோர், கேட்கும் முன் விடை இருந்தது என்பதைக் கைவிடுகிறார்கள். வட துருவத்தில் கிழக்கு இல்லாதது போல. டி பிராய் தொடங்கி 1952இல் டேவிட் போம் விரித்த வழியில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, நமக்குத்தான் தெரியாது. ஆனால் அதை வழிநடத்தும் அலை தொலைவில் நடப்பதற்கும் உடனடியாக அசைகிறது. அந்த வழியிலும்கூட முனைவாக்கம், தற்சுழற்சி போன்றவை துகள் சுமந்து செல்லும் பண்புகள் அல்ல, கருவியோடு சேர்ந்து உருவாகும் விளைவுகள். எவரெட் 1957இல் சொன்ன வழியில் எல்லா விடைகளும் நிகழ்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு கிளையில். மூன்றும் இதுவரை செய்த சோதனைகளுக்கு ஒரே எண்களைத் தருகின்றன, ஆகவே இன்று எந்த ஆய்வகமும் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து தர முடியாது. அறிவியல் இதைத் தீர்த்துவிட்டது என்று எவராவது உறுதியாகச் சொன்னால், அவர் தன் விருப்பத்தைச் சொல்கிறார்.

ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒன்று செத்துவிட்டது: ஒவ்வொரு துகளும் கேட்கப்படக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் தன்னளவில் விடைகளை மூட்டை கட்டிக்கொண்டு திரிகிறது, நாம் எட்டிப் பார்த்தால் போதும் என்ற படம். கோச்சென், ஸ்பெக்கர் இருவரும் 1967இல் இதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் கணித நிறுவல் தந்தார்கள். போமின் வழியை ஏற்பவர் இடத்தைப் பொறுத்தவரை 'நிச்சயமின்மை' என்ற சொல்லை வைத்துக்கொள்ளலாம். மற்ற பண்புகளுக்கு அவருக்கும் 'அறுதியின்மை'யே பொருந்தும்.

இதிலிருந்து வராத சில முடிவுகள் ஊரெங்கும் உலவுகின்றன. பார்ப்பவரின் மனம்தான் எதார்த்தத்தைப் படைக்கிறது என்பது அதில் ஒன்று. அளவீடு என்பதற்கு மனம் தேவையில்லை. இருட்டறையில் ஒரு காற்று மூலக்கூறு மோதி, எலக்ட்ரான் எங்கே இருந்தது என்ற தடயத்தை எடுத்துச் சென்றாலே போதும், குறுக்கீட்டுக் கோடுகள் மறைந்துவிடும். எதுவும் நடக்கலாம் என்பது இன்னொன்று. துகளின் அலையை விவரிக்கும் கணிதச் சார்பு, அதாவது அலைச்சார்பு, காலத்தில் மாறுவது முழுக்க அறுதியானது, அதிலிருந்து வரும் நிகழ்தகவுகளும் அறுதியானவை. 25 விழுக்காடு என்றால் 25தான், நாம் ஆசைப்பட்டால் 26 ஆகாது. பின்னலைக் கொண்டு ஒளியைவிட விரைவாகச் செய்தி அனுப்பவும் முடியாது. ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்தால் கட, நில் இரண்டும் பாதிப் பாதியாகத் தாறுமாறாக வரும், மறுபக்கம் எந்தக் கோணம் வைத்தாலும் அந்தப் பாதி மாறாது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் ஒப்புமை தெரியும்.

ஆற்றலையும் காலத்தையும் சேர்த்துச் சொல்லும் விதி தனி எச்சரிக்கைக்கு உரியது. 'குறுகிய நேரத்துக்கு ஆற்றலைக் கடன் வாங்கலாம்' என்று எழுதுவார்கள். காலம் என்பது இடம், உந்தம் போலத் துகளில் அளக்கும் பண்பு அல்ல, எனவே அந்த விதியின் பொருளும் வேறு. ஒரு நிலை எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அந்த அளவுக்கு அதன் ஆற்றல் பரந்திருக்கும் என்பதே அது. ஹைட்ரஜனின் 2பி என்ற உயர் ஆற்றல் நிலை சராசரியாக 1.6 நானோவிநாடி வாழ்கிறது, அதனால் அது உமிழும் ஒளியின் அதிர்வெண் ஏறக்குறைய 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரந்திருக்கிறது. ஆற்றல் அழியாமை எங்கும் மீறப்படவில்லை, கடனும் இல்லை.

அறுதியின்மையைப் பொறியாளர்கள் இன்று கையாளும் விதம் இதையெல்லாம்விட நேரடியானது. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கருவியில் 4 கிலோமீட்டர் நீளமான இரண்டு கைகள், முனைகளில் 40 கிலோகிராம் கண்ணாடிகள். ஒளியின் கட்டத்துக்கும் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே இருக்கிறது என்பது) வீச்சுக்கும் (அலையின் உயரம்) இடையிலும் ஹைசன்பர்க் விதி உண்டு. கட்டத்தில் உள்ள பரவல் உயர் அதிர்வெண்களில் இரைச்சலாகத் தெரியும். வீச்சில் உள்ள பரவல் கண்ணாடிகளைத் தள்ளி, தாழ் அதிர்வெண்களில் இரைச்சலாகும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க வழியில்லை. ஆனால் பெருக்குத்தொகையைத் தொடாமல் ஒன்றை நெருக்கி மற்றதைப் பருக்க விடலாம். 2019இல் தொடங்கிய கண்காணிப்புச் சுற்றிலிருந்து லைகோ இப்படிப்பட்ட நெருக்கிய ஒளியைத் தொடர்ந்து பயன்படுத்துகிறது. முதலில் கட்டத்தை நெருக்கினார்கள், உயர் அதிர்வெண்களில் கருவி கூர்மையானது, தாழ் அதிர்வெண்களில் கண்ணாடிகளின் ஆட்டம் கூடியது. 2023இல் 300 மீட்டர் நீளமான வடிகட்டும் குழிவு (கண்ணாடிகளுக்கு இடையே ஒளி போய்வரும் அமைப்பு) ஒன்றைச் சேர்த்தார்கள். அது தாழ் அதிர்வெண்களில் வீச்சையும் உயர் அதிர்வெண்களில் கட்டத்தையும் நெருக்கும்படி ஒளியைத் திருப்பித் தருகிறது. வெகு தொலைவில் கருந்துளைகள் மோதி இணையும்போது எழும் அதிர்வுகளில் முன்பு இரைச்சலில் மூழ்கிப்போன சில, அதன் பிறகு கேட்கத் தொடங்கின.